லூசியன் கேட்ட பிரைமர்

போன மாதம் கியூபெக்கில், லொங்குய் நகரில் நான் வேலை செய்த கடைக்குப் போனேன். குளிர்காலச் சப்பாத்து ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ஆனால் கால் தன்பாட்டில் கடையின் பின்பக்கம் நடந்தது. என் கண்ணாடி மேசை நின்ற இடத்தில் தூண்டில் தடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பிரைமர் எங்கே என்று கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை சிரித்தாள். இப்போது அதெல்லாம் வீட்டிலிருந்தே கணினியில் பதிவு செய்துவிடலாமாம். ஒட்டிய பெட்டியை வாசலில் வாங்கிக்கொண்டு போகலாமாம். ஒருவரும் நின்று கதைக்கத் தேவையில்லை.

வசதிதான். நான் அந்தத் தடிகளுக்கு நடுவே கொஞ்சம் நின்றேன். கூரையில் இருந்த குழல்விளக்கு மட்டும் பழையது. அதன் வெளிச்சம் தூண்டில் நூல்களில் பட்டு அசைந்தபோது, தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு மேலே பார்ப்பதுபோல இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் மெல்ல நடந்து வருவதுபோலத் தோன்றியது. லூசியன். சப்பாத்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற நினைப்பாகவே இருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்று சரியாகத் தெரியாது. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாராவது கேட்டால், “விளையாட்டுச் சாமான் கடை” என்பேன். பந்து விற்கிறேன், மட்டை விற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் கணவர் அன்ரன் பக்கத்தில் நின்றால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிச் சிரிப்பார். மட்டக்களப்பில் சண்டைக்குத் தப்பி வந்த ஒருத்தி, இருபது வருசத்துக்கு மேலாகத் தோட்டாவுக்குப் பிரைமர் விற்றாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வேட்டைக்குப் போகிறவர்களில் சிலர் தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார்கள். வீட்டிலிருந்து தாங்களே கட்டுவார்கள். பித்தளைக் கோது, வெடிமருந்து, குண்டு, பிரைமர், இவ்வளவும் வேண்டும். பிரைமர் என்பது கோதின் அடியில் பதிக்கிற சின்னக் கிண்ணம். கடலைப்பருப்புப் பருமன்தான் இருக்கும். துவக்கின் ஊசி அதைக் குத்தினால் உள்ளே ஒரு பொறி பிறக்கும். பொறி மருந்தைப் பற்றவைக்கும், மருந்து குண்டைத் தள்ளும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், பிரைமர் சரியாக இருந்தால்.

நான் முதலில் சேர்ந்தது சப்பாத்துப் பக்கம். பிரெஞ்சு தட்டித் தடவி வந்தது. இரண்டு குளிர்காலம் வந்துபோனவர்களின் கால்களை அளந்தேன். பின்பக்க மேசையில் நின்றவர் வேலையை விட்டுப்போனபோது, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஜில் என்னைக் கூப்பிட்டார். அவர் துவக்குப் பழுதுபார்ப்பவர், உயரமான மனிதர், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு மூச்சு விடுவார். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. எனக்கு அது நினைவில் வரும்போது என் வாய்த்தமிழில்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

“உமக்குத் துவக்குப் பிடிக்குமா?” என்று கேட்டார்.

“பிடிக்காது, மொசியூ ஜில்.”

“நல்லது. பிடிச்ச ஆக்கள் வந்தா துவக்கைப் பத்திக் கதைச்சுக்கொண்டே நிப்பாங்க. எனக்குப் பெட்டியைப் பாக்கிற ஆள்தான் வேணும்.”

அப்படித்தான் அந்த மேசைக்கு வந்தேன்.

ஜில்லின் பழக்கம் ஒன்று எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. யார் வந்து எந்தப் பிரைமரைக் கேட்டாலும் உடனே கொடுக்க மாட்டார். பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். அதன்மேல் தன் பெரிய உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, “என்ன துவக்கு? என்ன மருந்து? எந்தக் குளிருக்குள்ள சுடப்போறீங்க?” என்று கேட்பார். பதில் வரும்வரை கை எழும்பாது. அவசரக்காரர்கள் எரிச்சல்படுவார்கள். அவர் சன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் ஒருவர் ‘மேக்னம்’ என்று எழுதிய பெட்டியைக் கேட்டார். பெயரே பெரிதாக இருக்கிறதே, அது நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஜில் சொன்னார், “அதுக்கு நெருப்புக் கூட. மெல்ல எரியிற மருந்து, கடுங்குளிர், பெரிய கோது எண்டா அது வேணும். உங்கட மருந்து கெதியா எரியிற மருந்து. அதுக்கு இது தேவையில்ல.” அந்த மனிதர் விடவில்லை. ஜில் பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு அவரோடு ஆற்று மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் அவர் சாதாரணப் பெட்டியோடுதான் போனார்.

இன்னொருவர் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பழைய இராணுவத் துவக்கு வைத்திருந்தார். அந்த மாதிரித் துவக்கில் ஊசியைப் பிடித்து வைக்கச் சுருள்கம்பி கிடையாது. அடைப்பு முன்னால் போய் அடிக்கும் வேகத்தில் ஊசியும் சறுக்கிப் போய்ப் பிரைமரைத் தொடும். தோல் மெல்லிய பிரைமர் என்றால் அந்தத் தொடுகையே போதும். விரல் வைக்காமலே வெடித்துவிடும். தடித்த தோல் உள்ளதைத்தான் அவருக்குக் கொடுத்தோம். அது வந்துசேர ஒரு மாதம் காத்திருக்க வைத்தோம்.

இப்படித்தான் படித்தேன். ஒரே அகலம் என்றாலும் உயரம் வேறாக இருக்கும் என்பது, கைத்துப்பாக்கிப் பிரைமரின் தோல் மெல்லியது, ரைபிளின் அழுத்தத்தைத் தாங்காது என்பது, பிரைமரின் வகையை மாற்றினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது, வந்த பெட்டியிலிருந்து எடுத்து வேறு போத்தலில் கொட்டி வைக்கவே கூடாது என்பது. இவற்றை நான் பிரெஞ்சில்தான் கற்றேன். அதனாலோ என்னவோ, வேலையில் நிற்கும்போது நான் வேறொரு ஆளாக இருப்பேன். மாலையில் வீடு திரும்பும் மஞ்சள் மெற்றோ ரயில் ஆற்றுக்கு அடியால் போகும். காது அடைக்கும். அந்த அடைப்புக்குள் ஒரு அரைத் தூக்கம் வரும். அதற்குள் எங்கேயோ பிரெஞ்சு முடிந்து தமிழ் தொடங்கிவிடும்.

லூசியனும் ஒடெட்டும் எங்கள் பழைய வாடிக்கையாளர்கள். லூசியன் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஒடெட் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்தவள். அவர்கள் வீட்டில் வேட்டைக்காரி ஒடெட்தான். லூசியனுக்குத் தோள் சரியில்லை. மானைச் சுட மனமும் இல்லை. அவர் தோட்டா கட்டுவார். அவள் சுடுவாள். இலையுதிர்காலத்தில் வடக்கே மூஸ் மான் வேட்டைக்குப் போகும்போது அவர் கூடவே போய்க் குடிலில் சூப் வைத்துக்கொண்டு இருப்பார்.

“நான் ஒரு தோட்டாதான் கொண்டு போறனான்,” என்று ஒடெட் பெருமையாகச் சொல்வாள். “லூசியன் கட்டினது. மற்றதெல்லாம் சும்மா பாரம்.”

ஜில்லும் லூசியனும் வாலிப வயதிலிருந்தே நண்பர்கள். லூசியன் ஒருவரிடம் மட்டும்தான் ஜில் கேள்வி கேட்காமல் பெட்டியைக் கொடுப்பார்.

பிறகு தட்டுப்பாடு வந்தது. எங்கும் பிரைமர் இல்லை. எங்கள் தட்டுகள் காலியாகின. ஆட்கள் லவால் நகரிலிருந்தெல்லாம் வந்து, மூடிய பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில், ஒரு காலை, ஒடெட் தனியே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

“மதாம் றஞ்சி, நான் இங்க வந்தது லூசியனுக்குத் தெரியாது,” என்றாள். “ஜில்லைக் கூப்பிடுங்க.”

முந்தைய நாள் அவள் சுடுகளத்துக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். முதல் தோட்டா வெடிக்கவில்லை. ‘டிக்’ என்ற ஊசிச் சத்தத்தோடு சரி. அப்படி நடந்தால் துவக்கைத் திறக்காமல், குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும் என்று லூசியன் அவளுக்குப் பழக்கியிருந்தார். பொறுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை, எடுத்துவிட்டாள். இரண்டாவது தோட்டாவும் ‘டிக்’ என்றது.

“காத்து நிண்டிட்டுது. ஒரு இலை விழுந்து நிலத்தைத் தொட்டதைக் கண்டன்,” என்றாள் ஒடெட். “அதுக்குப் பிறகுதான் வெடிச்சது. அது யோசிச்சுப் பாத்திட்டு வெடிச்ச மாதிரி இருந்தது, ஜில். நான் துவக்கைத் திறக்கவெண்டு கையைப் போல்டுக்குக் கொண்டுபோயிருந்தா?”

மூன்றாவது தோட்டா உடனே வெடித்தது. ஆனால் கன்னத்தில் சூடான காற்று ஒன்று அடித்தது. கோதை எடுத்துப் பார்த்தால் பிரைமரின் நடுவே ஊசி ஓட்டை போட்டிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு.

ஜில் அந்தக் கோதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனார். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சுத்தியல் போன்ற ஒரு கருவி இருக்கிறது. அதற்குள் தோட்டாவை மாட்டித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். மருந்தை நிறுத்தேன். எல்லாம் ஒரே நிறை. லூசியனின் கை அப்படி. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அதன் பின் கோதுகளைக் கவிழ்த்து அடியை நகத்தால் தடவினேன். சிலதில் பிரைமர் சரியான மட்டத்தில் இருந்தது. சிலதில் நகம் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. ஜில் பொறுமையாக அந்தப் பிரைமர்களை வெளியே எடுத்தார். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அகலம் ஒன்றுதான். ஒன்று மற்றதைவிட மயிரிழை குட்டை.

“பிஸ்டல் பிரைமர்,” என்றேன்.

ஜில் தலையசைத்தார். குட்டையாக இருந்ததால் அவை ஆழத்தில் உட்கார்ந்துவிட்டன. ஊசி எட்டிக் குத்தியும் குத்தாமலும் இருந்தது. நன்றாகக் குத்துப்பட்டது ஓட்டையாகிவிட்டது. லூசியனிடம் பழைய கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. அதற்கும் அவர்தான் தோட்டா கட்டுவார். இரண்டு பெட்டியும் அவர் வீட்டு மேசையில் எப்போதும் இருப்பவை. அவர் ஒருநாளும் மாற்றி எடுத்ததில்லை.

“லூசியன் இதைச் செய்ய மாட்டான்,” என்றார் ஜில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒடெட் சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் வாங்குப் பலகையில் இருந்தாள். நாங்கள் சொன்னதைக் கேட்டு அழவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

“போன மாசம் எங்கட கட்டடத்து லிஃப்டுக்குள்ள நிண்டம்,” என்றாள். “பொத்தானுக்கு முன்னால விரலை வச்சுக்கொண்டு, எங்களுக்கு எந்த மாடி எண்டு என்னைக் கேட்டார். பகிடி எண்டு நினைச்சன்.”

ஜில்தான் வழி சொன்னார். இப்போது ஊரெல்லாம் தட்டுப்பாடு. லூசியன் கேட்டு வந்தால் பிரைமர் இல்லை என்று சொல்வோம். அது பொய்யும் இல்லை. ஒடெட் இந்த வருசம் கடைத்தோட்டாவோடு வேட்டைக்குப் போகட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பெட்டிகளை அவள் மெல்ல எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் தரட்டும். அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

அதன்பிறகுதான் லூசியன் வாராவாரம் வரத் தொடங்கினார்.

சந்தடி இல்லாத முற்பகல் நேரத்தில் வருவார். நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். “பொன்ஜூர், மதாம் றஞ்சி. பெரிய ரைபிள் பிரைமர் வந்திட்டுதா?”

“இன்னும் இல்ல, மொசியூ லூசியன்.”

“மெர்சி,” என்று நன்றி சொல்வார். முகத்தில் ஏமாற்றமே இருக்காது. நான் ஏதோ நல்ல செய்தி சொன்னதுபோலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சப்பாத்து வரிசைகளைத் தாண்டி, பனிக்குள் போய்விடுவார். கதவு மூடும்போது உள்ளே ஒரு குளிர்க் காற்றும் சில பனித்துகள்களும் வந்து, தரையைத் தொடுமுன் கரைந்துவிடும்.

குளிர்காலத்தின் நடுவில் சரக்கு வரத் தொடங்கியது. இப்போது அது பொய்யாகிவிட்டது. தூரத்தில் நீலத் தொப்பியைக் கண்டால் பெட்டிகளை மேசைக்குக் கீழே தள்ளுவேன். “இன்னும் இல்ல” என்பேன். “மெர்சி” என்பார். மெற்றோவில் ஆற்றுக்கு அடியால் வரும்போது அந்தச் சொல் என்னோடு வரும். அரைத் தூக்கத்தில், நான் தண்ணீருக்கு அடியில் ஒரு மேசையில் நிற்பேன். லூசியன் மேலே, படகில் இருந்தபடி, குனிந்து ஏதோ கேட்பார். நான் சொல்வது குமிழிகளாகப் போகும். அன்ரனிடம் இதைச் சொன்னேன்.

“அந்த மனிசன் ஒண்டைக் கேட்டுக் கேட்டு நடக்கிறார். நீ மறைச்சு மறைச்சு நிக்கிறாய். இது எவ்வளவு நாளைக்கு, புள்ள?” என்றார்.

பெரும்பனி கொட்டிய ஒருநாள். பாதைகள் மூடி, கடையில் ஒரு சனம் இல்லை. ஜில் பல் வைத்தியரிடம் போயிருந்தார். இந்தப் பனிக்குள் யார் வரப்போகிறார்கள் என்று நான் புதுச்சரக்கை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது லூசியன் எதிரே நின்றார். புருவத்தில் பனி. பெட்டியின்மேல் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டிருந்தார்.

“வந்திட்டுது போல,” என்றார்.

இது வேறொருவருக்கு எடுத்து வைத்தது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அதில் பயம் இருந்தது.

“இருங்க, மொசியூ லூசியன்,” என்றேன். அவருக்கு ஒரு கதிரை போட்டேன். பின்னறையில் ஜில் ஒரு சின்ன மூடியில் போட்டு வைத்திருந்த ஓட்டை விழுந்த கோதைக் கொண்டுவந்து விளக்கின் கீழ் வைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுத்துவிட்டேன். ஒடெட் வந்தது, நாங்கள் பிரித்தது, கண்டது எல்லாவற்றையும் சொன்னேன். என் பிரெஞ்சு தடுமாறியது. அவர் உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கண்ணாடிக்குள்ளால் அந்தக் கோதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ர வேலைதான்,” என்றார் கடைசியில். “எனக்குத் தெரியும், மதாம்.”

“என்ன தெரியும்?”

“கோடையிலிருந்தே தெரியும். மேசையில இருப்பன். எந்தப் பெட்டியைத் திறந்தனான் எண்டது மறந்திடும். எழும்பிப்போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து, திரும்ப முதல்ல இருந்து தொடங்குவன். அதுவும் மறந்திடும்.” கையைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், விரல்களுக்கு இடையே கொஞ்ச இடைவெளி காட்டினார். “சுடேக்க ஒடெட்டுட முகம் போல்டுக்கு இவ்வளவு கிட்டத்தான் இருக்கும்.”

“அப்ப ஏன் ஒவ்வொரு கிழமையும் வந்து பிரைமர் கேட்டீங்க?”

லூசியன் சிரித்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டு இப்படித்தான் சிரித்திருப்பாரோ என்று நினைத்தேன்.

“நீங்க இல்ல எண்டு சொல்லுறதுக்காகத்தான். நீங்க சொன்னா நான் வீட்ட போய் ஒடெட்டுக்கிட்ட, கடையில இல்ல எண்டு சொல்லலாம். அவ ஒண்டும் கேக்க மாட்டா. கட்டாம இருக்க எனக்கு இன்னொரு கிழமை கிடைக்கும்.”

வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெல்லப் போனது. அந்த வெளிச்சம் சுவரில், பெட்டிகளில், அவர் முகத்தில் போய்வந்தது. ஒடெட் அவரைக் காப்பாற்ற மறைத்தாள். அவர் ஒடெட்டைக் காப்பாற்ற மறைத்தார். நடுவில் நான் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

அந்த நேரம் ஜில் வந்துவிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. எங்களையும் விளக்கின் கீழ் கிடந்த கோதையும் கண்டார். மேலங்கியைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

“ஆர் சொன்னது?”

“நான்தான், மொசியூ ஜில்.”

வேலையில் இது கடைசி நாளோ என்றுகூட நினைத்தேன். ஜில் மெல்ல வந்து லூசியனுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். அந்த உயரமான மனிதர் அப்படிக் குந்தி நான் கண்டதில்லை. ஊசி போட்ட வாயால் குழறிக் குழறி, “எனக்குச் சொல்ல வாய் வரேல்ல, லூசியன்,” என்றார். லூசியன் அவர் தோளில் கை வைத்தார்.

“உனக்கு இண்டைக்குத்தானே வாய் ஒரு பக்கம் இல்ல,” என்றார். “மற்ற நாளெல்லாம் என்ன செய்தனீ?”

அன்று ஜில்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒடெட்டிடம் லூசியன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஒடெட் என் மேசைக்கு முன்னால் நேராக வந்து நின்றாள். லூசியன் பின்னால், சப்பாத்து வாங்கில் இருந்தார்.

“பெரிய ரைபிள் பிரைமர்,” என்றாள் ஒடெட். “இனி நான்தான் கட்டப்போறன்.”

பெட்டியை எடுத்து வைத்தேன். ஜில் வந்து அதன்மேல் கையை விரித்து வைத்தார். என்ன துவக்கு என்று அவருக்கு எனக்கு முன்னமே தெரியும். என்றாலும் கேட்டார். என்ன மருந்து? எந்தக் குளிருக்குள்? ஒடெட் சிவந்துபோனாள். மருந்தின் பெயரைச் சொன்னாள். அது மெல்ல எரிகிற மருந்து, வடக்கே கடுங்குளிர், அதனால் மேக்னம் பிரைமர்தான் லூசியன் வழக்கமாகப் போடுவது என்றாள். சரிதான். ஆனால் அந்த முறை வந்திருந்தது வேறு கம்பனியின் பெட்டி.

“அப்ப மருந்தைக் குறைச்சுத் தொடங்கவேணும்,” என்றார் ஜில்.

“லூசியனுட அளவு எனக்குத் தெரியும்.”

“அது லூசியனுட பிரைமருக்கு லூசியனுட அளவு. இது வேற பிரைமர். கீழயிருந்து மெல்ல மெல்ல ஏத்திப் பாருங்க.”

ஒடெட் திரும்பி லூசியனைப் பார்த்தாள். அவர் சப்பாத்துக் கயிறு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் கோபத்தோடுதான் போனாள். ஆனால் சொன்னபடி செய்தாள். அந்த வசந்தமும் கோடையும் அவர்கள் வீட்டு மேசையில் அவள் இருந்தாள். அவர் பக்கத்தில் இருந்தார். மேசையில் ஒரே ஒரு பிரைமர்ப் பெட்டிதான் இருக்கலாம் என்று விதி வைத்தார்களாம். கைத்துப்பாக்கியை விற்றுவிட்டார்கள். கோதுகளைத் துடைத்துக் கொடுப்பது லூசியனின் வேலை. பிரைமரை மட்டும் அவர் தொட மாட்டார். அவள் பதித்ததை வாங்கி நகத்தால் தடவிப் பார்ப்பார். சரி என்றால் பேசாமல் கீழே வைப்பார். ஆழம் பிசகினால் அவள் கைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். பெயர்கள் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன, என்னுடையது உட்பட. நகத்துக்கு ஒன்றும் மறக்கவில்லை.

இலைகள் நிறம் மாறியபோது ஒடெட் கடைக்கு வந்து என்னைச் சுடுகளத்துக்குக் கூப்பிட்டாள். தான் கட்டிய தோட்டாக்களில் மூஸ் வேட்டைக்கென்று தேர்ந்த அளவை அன்று கடைசியாகச் சுட்டுப் பார்க்கப்போகிறாளாம். நான் மறுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, இவ்வளவு வருசம் விற்ற பிரைமரில் ஒன்றுகூட வெடித்ததை நான் காதால் கேட்டதில்லை. எங்கள் ஊரில் நாங்கள் சத்தத்தை வைத்துத் தூரம் அளந்து பழகியவர்கள். கேட்டது போதும் என்று இருந்துவிட்டேன். கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் அது ஒரு பளபளக்கும் சின்னக் கிண்ணம், அவ்வளவுதான்.

“அங்க போய் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னத்தைக் காணப்போறாய், புள்ள?” என்றார் அன்ரன்.

“தெரியாது. போய்ப் பாத்திட்டு வாறன்.”

ஜில்லின் காரில் போனோம். லொங்குய்யைத் தாண்டிச் சோளம் வெட்டிய வயல்கள். மூடுபனி வயலில் இருந்து எழும்பமாட்டாமல் கிடந்தது. தூரத்து மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக அதன்மேல் மிதந்தன. எனக்குக் காதுமூடி தந்தார்கள். போட்டதும் உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது. ஒடெட் மேசையில் சாய்ந்து துவக்கைத் தோளில் வைத்தாள். லூசியன் என் பக்கத்தில் நின்றார். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. பயப்படுகிறாரோ, எனக்குத் துணையாகப் பிடித்தாரோ தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நெஞ்சில்தான் கேட்டது. ஒரே ஒரு முறை, சுத்தமாக. நான் எதிர்பார்த்தபடி உடம்பு குனிந்துகொண்டது. ஆனால் சத்தத்துக்குப் பின்னால் வரவேண்டியது எதுவும் வரவில்லை. யாரும் ஓடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்தேன். மூடுபனியில் ஒரு சின்ன அசைவு இருந்தது; பிறகு அதுவும் அடங்கியது. ஒரு நாரைக் கூட்டம் எழும்பி, வயலின் அடுத்த மூலையில் போய் இறங்கியது. நான் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

ஒடெட் போல்டைத் திறந்தாள். கோது எகிறி ஈரப் புல்லில் விழுந்தது. லூசியன் என் கையை விட்டுவிட்டு, மெல்லக் குனிந்து அதை எடுத்தார். சூடு; ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி ஊதினார். ஆறியதும் அடியைத் திருப்பிப் பார்த்தார். பிரைமரின் நடுவே ஊசியின் குழி வட்டமாக, அழகாக இருந்தது. ஓரம் மடங்கவில்லை. கறுப்பு இல்லை. நகத்தால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

“மதாம்,” என்று என்னைக் கூப்பிட்டார். நான் காதுமூடியைக் கழற்றினேன். “இதைக் கட்டினது ஆர்?”

“அந்தா, அவங்கதான்,” என்று ஒடெட்டைக் காட்டினேன்.

லூசியன் அவளை நெடுநேரம் பார்த்தார். கோதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவவுட புருசன்கிட்டச் சொல்லுங்க,” என்றார், “இப்பிடிக் கை லேசில கிடைக்காது. கவனமா வச்சிருக்கச் சொல்லுங்க.”

அவர் பகிடியாகச் சொன்னாரா, மறந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜில் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒடெட் துவக்கை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். லூசியனின் தொப்பியைக் காதுவரை இழுத்துச் சரிசெய்தாள்.

“சொல்லிவிடுறன்,” என்றாள்.